தண்ணீர் இறக்கிய வண்டி

சேரங்கோடு
20.1.1975

மதிப்பிற்குரிய டீச்சர் அம்மாவுக்கு, வீரையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். எல்லநள்ளியில் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறியவன், கூடலூரில் மாறி இங்கே இறங்கும்போது இருட்டிவிட்டது. தெய்வம்மாவும் பிள்ளைகளும் சுகம். அவளுக்குக் கொழுந்து எடுக்கிற வேலை. மண்டபம் கேம்பில் எங்களோடு இருந்த பத்துக் குடும்பங்கள் இதே லயத்து வீடுகளில் இருக்கின்றன. உங்கள் ஊர் மாதிரி உறைபனி இங்கே இல்லை. அதற்குப் பதில் ரத்தம் குடிக்கிற அட்டை.

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். இந்தத் தோட்டத்தில் கொழுந்து லாரிக்கு டிரைவர் எடுக்கிறார்கள். அதிகாரி என் லைசென்சைப் பார்த்துவிட்டு, “லைசென்ஸ் ஊருக்கே இருக்குய்யா. எங்க ஓட்டினே, எப்படி ஓட்டினே? அதுக்குக் காயிதம் கொண்டா” என்றார். இலங்கையில், ஹட்டனில் பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டியதற்குத் தோட்டத் தொரை கொடுத்த கடிதம், கேம்பில் பெட்டி நனைந்தபோது மை கரைந்து வெறும் நீலமாகிவிட்டது. இந்தியாவில் நான் ஓட்டியது உங்கள் வண்டி ஒன்றுதான். மூன்று வருடம் ஓட்டினேன் என்று நாலு வரி எழுதி அனுப்பினால் போதும். பிப்ரவரி பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்திதான். எனக்கு அது வராது.

வண்டியைச் செல்லக்கண்ணு மேஸ்திரி பிரித்துவிட்டாரா? எஞ்சின் ஹெட்டைக் கழற்றி மண் தரையில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீரையா


எல்லநள்ளி
25.1.1975

வீரையாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே வந்து உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். இவ்வளவு சாதாரணமாக ஒருவர் இப்படிக் கேட்க முடியுமா என்ற திகைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

டிசம்பர் 27ஆம் தேதி காலை நடந்ததை உங்களுக்கு நினைவுபடுத்துவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. உறைபனிக் காலத்தில், இரவில் உறைந்து எஞ்சின் வெடிக்காதிருக்க, ரேடியேட்டர் தண்ணீரை மாலையே இறக்கிவிட்டு, தண்ணீர் இல்லை என்பதற்கு அடையாளமாக ஸ்டீரிங்கில் ஒரு காலி டின்னைத் தொங்கவிடுவது நீங்கள் கொண்டுவந்த பழக்கம். “டின்னு தொங்கினா வண்டிய எடுக்கக் கூடாதுங்கம்மா” என்று நீங்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அன்று என் தம்பி பாலன், திருப்பூரிலிருந்து விருந்தாளியாக வந்தவன், சூரிய உதயம் பார்க்க மனைவியைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். டின் இல்லை. லவ்டேல் ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து, புகைந்து, நின்றது. காய்கறி லாரியில் ஏறித் திரும்பி வந்தவன் கேட்டான், “ஏனக்கா, தண்ணியே இல்லாம வண்டிய நிறுத்தி வெச்சிருக்கானே, அவனெல்லாம் ஒரு டிரைவரா?”

டின் மாட்டினீர்களா என்று நான் உங்களைக் கேட்டேன். நீங்கள் பேசவில்லை. “என் கவனக்குறைவால் ஹெட் கேஸ்கட் பழுதானது” என்று நான் எழுதி நீட்டியதும் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டீர்கள். கார்பன் பிரதியும் வாங்கிக்கொண்டீர்கள். வண்டி இல்லாத ஊட்டுல டிரைவருக்கு என்ன வேலை என்று நான் சொன்னது கோபத்தில்தான். ஆனால் வேறு என்ன சொல்வது?

செல்லக்கண்ணு கொடுத்த எஸ்டிமேட் இது: கேஸ்கட் செட் 55, ஹெட்டைக் கோயமுத்தூர் லேத்தில் மட்டம் எடுக்க 70, ஆயில் 50, கூலி 150, சிலிண்டர் போர் எடுத்து ரிங் மாற்ற 325. ஆக 650 ரூபாய். என் சம்பளம் உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் கேஸ்கட்டும் லேத்தும், மார்ச்சில் ஆயிலும் கூலியில் பாதியும், மீதி கடன் என்று போட்டுப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் சீசனுக்குள் வண்டி ஓடாவிட்டால் இந்த வருடம் டாக்ஸி வருமானமே கிடையாது. வண்டி என் கணவருடைய பி.எஃப். பணத்தில் வாங்கியது. வேலை பார்க்கிற பைக்காராவிலிருந்து அவர் சனிக்கிழமை வரும்போதெல்லாம் கொட்டகையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார்.

பாதிச் செலவு 325ஐ நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் நற்சான்று கேட்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் தினமும் சான்று எழுதுகிறவள். நடக்காததை எழுதியதில்லை. கவனமானவர் என்று உங்களைப் பற்றி எப்படி எழுதுவேன்?

வேலாமணி


சேரங்கோடு
30.1.1975

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. தெய்வம்மா சத்தமாகப் படிக்கச் சொன்னாள். பாதிக்கு மேல் எனக்கு வாசிக்க மனம் வரவில்லை. அவளே வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

முதலில் வண்டி. 650 வேண்டாம். போரும் ரிங்கும் கெட்டிருக்கும் என்று மேஸ்திரி பிரிக்காமலே எழுதியிருக்கிறார். ஹெட்டைக் கழற்றிய பிறகு சிலிண்டர் நாலிலும் உள்சுவரில் நகத்தால் தடவிப் பாருங்கள், கீறல் தட்டக் கூடாது. பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். அப்படியே நின்றால் ரிங் நல்லா இருக்கிறது, 325ஐ அடித்துவிடலாம். ஆனால் தம்பி கொதித்த எஞ்சினில் ஓடைத் தண்ணீரை ஊற்றியதாகச் சொன்னார். அதனால் லேத்துக்கு அனுப்பும் முன் ஹெட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் மட்டம் எடுக்கிற 70 வீண். பழைய கேஸ்கட்டை ஒட்டவைத்துப் போடுகிறேன் என்றால் சம்மதிக்க வேண்டாம்.

இனி மற்றது. இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

டின்னை நான் மாட்டினேன் அம்மா. 26ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீரை இறக்கிவிட்டு மாட்டினேன். மறுநாள் நீங்கள் வராந்தாவுக்குக் கூப்பிட்டீர்கள். உங்கள் காலடியில் தணல் போட்டு ஒரு டின் இருந்தது. கம்பிக் கைப்பிடி, சிவப்புப் பெயிண்டில் ஒரு பட்டை. நான் செய்த டின். அதில் காலைக் காய வைத்துக்கொண்டுதான் கேட்டீர்கள், “டின் மாட்டினீங்களா இல்லையா?” என்று. நான் டின்னைப் பார்த்தேன். உங்களைப் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அய்யாவுக்கும் தம்பிக்கும் ஆகாது, சனிக்கிழமை அய்யா வந்து கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அதற்குத்தான் என் பேரில் எழுதுகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். வீட்டுக்குள் சமாதானத்துக்கு ஒரு கையெழுத்து. அதைத் தம்பி வீட்டாரும் நீங்களும் நிஜமென்று வைத்துக்கொண்டு, எனக்கு வேலைக்கு வேண்டிய நாளில் எடுத்துக் காட்டுவீர்கள் என்று நினைக்கவே இல்லை.

ஏன் படித்துப் பார்த்துவிட்டும் போட்டேன் என்று கேட்பீர்கள். நாங்கள் அப்படித்தான். பாஸ்போர்ட்டுக்கு, கப்பலுக்கு, கேம்ப் அரிசிக்கு, கம்பளிக்கு என்று எத்தனை காகிதம். இது என்னங்க என்று கேட்டவன் பெயர் அடுத்த லிஸ்டுக்குப் போய்விடும். நீட்டினால் போடுவது கைக்குப் பழகிவிட்டது. தெய்வம்மா சொல்கிறாள், “போனாப் போகுது, நேத்து மழை பேஞ்சதுக்கும் நான்தான் காரணம்னு ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துருங்க.”

சான்று தருவதும் தராததும் உங்கள் மனசு.

வீரையா


எல்லநள்ளி
5.2.1975

அன்புள்ள வீரையாவுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள் மாலை வந்தது. படித்துவிட்டு வராந்தாவுக்குப் போனேன். டின் அங்கேயே இருந்தது. குனிந்து, சாம்பலைக் கொட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் துடைத்தேன். சிவப்புப் பட்டை தெரிந்தது.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு மாதத்துக்கும் மேலாக அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தியதும், செல்லக்கண்ணுவின் எஸ்டிமேட்டைக் கூட்டிப் பார்த்ததும், உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதியதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

நேற்றுக் காலை முதல் மணி வகுப்பை விட்டுவிட்டுக் குன்னூர் தபாலாபீசில் திருப்பூருக்கு டிரங்க் கால் போட்டேன். பாலன் கடையில் இல்லை. அவன் மனைவி ஆண்டாயிதான் எடுத்தாள்.

“அந்த டின்னுங்களா அண்ணி? ஸ்டீரிங்குல மாட்டியிருந்துச்சுங்க. கம்பி இருந்தது தூக்கறதுக்கு வாகா இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். குளுருதுன்னதுக்கு நீங்கதானுங்க கொட்டகையில பழைய டின்னு கெடக்கும், எடுத்து வந்து தணல் போட்டுக்கன்னீங்க?”

ஆமாம். நான்தான் சொன்னேன். ஓரத்தில் கிடக்கும் பெயிண்ட் டின்களை மனதில் வைத்துச் சொன்னேன். அவள் கைக்கு எட்டியதை எடுத்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? திருப்பூரில் யார் ரேடியேட்டரை இறக்குகிறார்கள்? பிறகு அவள் கேட்டாள், “ஏனுங்கண்ணி, ஏதாச்சும் தப்புங்களா?” மூன்று நிமிடம் முடிந்து லைன் போய்விட்டது. பதில் சொல்ல வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தது எனக்கு. அந்த நிம்மதியும் என்னைப் பயமுறுத்துகிறது.

வீரையா, நான் உங்களிடம் தெரியாது என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. டின் எடுக்கப்பட்டது தெரியாது. அது உண்மை. ஆனால் அன்று மாலை காகிதத்தை எடுத்தபோது என் மனதில் இருந்தது வண்டி இல்லை. சனிக்கிழமை வரப்போகும் என் கணவர்தான். ‘உன் தம்பி வந்தாலே வீட்டுக்கு ஒரு நஷ்டம்’ என்று அவர் சொல்லும் குரல்தான். யாருடைய பெயராவது அந்தக் காகிதத்தில் வேண்டும், அது பாலனுடையதாக இருக்கக் கூடாது. நீங்கள் பேசாமல் நின்றது எனக்கு வசதியாக இருந்தது. ஏன் பேசவில்லை என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்டிருக்கலாம். வகுப்பில் ஒரு பெண் பேசாமல் நின்றால் நான் கேட்பேன். மூன்று வருடம் மழையிலும் பனியிலும் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவரைக் கேட்கவில்லை.

இன்னொன்று. நிஜம் தெரிந்தே நான் பொய் எழுதியதாக நீங்கள் ஒரு மாதம் நினைத்திருக்கிறீர்கள். நினைத்துக்கொண்டே எனக்கு மரியாதையாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஹெட்டை மண்ணில் வைக்காதே என்று சொல்லியிருக்கிறீர்கள். அது எப்படி முடிந்தது என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் சொன்னபடி ஆயில் ஊற்றிப் பார்த்தோம். மறுநாளும் அப்படியே நின்றது. “யாருங்க உங்களுக்கு இதெல்லாஞ் சொல்லிக் குடுத்தது?” என்று செல்லக்கண்ணு கடுப்பாகக் கேட்டார். 325ஐ அவரே அடித்துவிட்டார். விரிசல் இல்லை. ஹெட் கோயமுத்தூர் போயிருக்கிறது. செலவில் உங்கள் பங்கு ஒன்றும் கிடையாது. டிசம்பர் சம்பளத்தில் நான் நிறுத்திவைத்ததை மணியார்டர் செய்திருக்கிறேன்.

சான்றிதழ் இத்துடன் பதிவுத் தபாலில் வருகிறது. தண்ணீர் இறக்கியதும் அடையாளம் வைத்ததும் உங்கள் கடமை, அதைச் செய்தீர்கள், தவறு என் வீட்டாருடையது என்று முழுவதும் எழுதியிருக்கிறேன். என் கணவரிடம் சனிக்கிழமை சொல்கிறேன்.

வேலாமணி


சேரங்கோடு
13.2.1975

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் பதிவுத் தபால் 11ஆம் தேதி வந்தது. இங்கே தபால் வாரத்தில் இரண்டு நாள்தான். மணியார்டரும் வந்தது. கடிதத்தைத் தனியாகப் போய்ப் பாறைமேல் உட்கார்ந்து படித்தேன். உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை அம்மா. நானும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

ஆனால் இப்போது வேறு ஒன்று நடந்துவிட்டது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அதிகாரி ஒரு வாரம் லீவில் போகிறார் என்று 8ஆம் தேதியே எல்லாருடைய காகிதத்தையும் கேட்டுவிட்டார்கள். உங்கள் சான்று வரவில்லை. வரும் என்றும் நான் நம்பவில்லை. என்னிடம் இருந்தது அந்தக் கார்பன் பிரதி ஒன்றுதான். அதில் ‘என்னிடம் மூன்று ஆண்டுகளாக ஓட்டுநராகப் பணிபுரியும் வீரையாவின் வாக்குமூலம்’ என்று உங்கள் கையெழுத்தில் முதல் வரி இருக்கிறது. நான் டிரைவர் என்று இந்த நாட்டில் எழுதியிருக்கிற ஒரே காகிதம். அதைக் கொடுத்தேன்.

அதிகாரி முழுவதும் படித்தார். சிரித்தார். “இருவது வருஷ சர்வீசுல, நாந்தான் வண்டியக் கெடுத்தேன்னு எழுதிக் குடுத்த டிரைவர நான் பாத்ததே இல்லய்யா. அத நீயே கொண்டாந்து நீட்டற வேற. ஒண்ணு நீ பைத்தியக்காரன், இல்ல யோக்கியன்” என்றார். 17ஆம் தேதி முதல் வேலை என்று சொல்லிவிட்டார்.

செய்யாத தப்பை ஒத்துக்கொண்டதற்காக யோக்கியன் என்று வேலை. தெய்வம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அரிசியில் தண்ணீர் ஊற்றாமலே அடுப்பில் வைத்துவிட்டாள்.

இப்போது உங்கள் சான்றிதழைக் காட்டினால் நான் முதலில் கொடுத்தது பொய்க் காகிதம் என்று ஆகிவிடும். பொய்க் கையெழுத்துப் போடுகிறவனை யார் லாரியில் ஏற்றுவார்கள்? வடிவேல் என்று ஒருவர் இதே வேலைக்கு வாசலிலேயே நிற்கிறார். அதனால் உங்கள் சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோபம் இல்லை. தயவுசெய்து இந்த விஷயத்தை யாருக்கும் எழுத வேண்டாம்.

வீரையா


எல்லநள்ளி
17.2.1975

வீரையாவுக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரர் இன்னும் வாசலில் நிற்கிறார், பதிலை அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

நான் எழுதிவிட்டேன். 12ஆம் தேதியே எழுதிவிட்டேன். பதினைந்து நெருங்குகிறதே, உங்களிடமிருந்து பதில் இல்லையே, தபால் தவறியிருந்தால் என்ன செய்வது என்று பயந்து அதிகாரிக்கே நேராக எழுதினேன். இரண்டு பக்கம். டின், தணல், தம்பி மனைவி ஆண்டாயி, என் தம்பி, அந்தக் காகிதத்தை நான் ஏன் எழுதினேன் என்பது எல்லாம். என் மனச்சாட்சி தூங்க வேண்டும் என்று ஒன்றையும் விடாமல் எழுதினேன். எழுதி முடித்தபோது நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக் காபி போட்டுக் குடித்தேன்.

முதல் தடவை உங்களைக் கேட்காமல் உங்கள் பேரில் எழுதினேன். இரண்டாவது தடவையும் அப்படியே. உண்மையை எழுதினால் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறேன் போல.

நான் என்ன செய்யட்டும்? கிளம்பி வந்து அவர் முன்னால் நின்று சொல்லவா? தந்தி அடித்தால் அன்றைக்கே புறப்படுவேன். நீங்கள் சொல்லாமல் இனி ஒரு வரி எழுதமாட்டேன், ஒரு அடி வைக்கமாட்டேன்.

வேலாமணி


சேரங்கோடு
25.2.1975

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம்.

தந்தி அடிக்க நேரமில்லை. 17ஆம் தேதி நான் லாரிச் சாவி வாங்கப் போனபோதே உங்கள் இரண்டு பக்கமும் மேசையில் இருந்தது. பக்கத்தில் கார்பன் பிரதி. ஆபீஸ் கிளார்க் தங்கையாவும் அதிகாரியும் என்னையே பார்த்தார்கள்.

“எதுய்யா நெசம்?”

“டீச்சர் அம்மா எழுதினதுதாங்க நெசம்.”

“அப்ப இது?”

“அதுவும் அவங்க எழுதினதுதாங்க. நான் கையெழுத்து மட்டும்தான்.”

அதிகாரி நெற்றியைத் தடவினார். “படிச்ச பொம்பள, தப்பு எம்மேலன்னு எழுதறா. நீ உம்மேலங்கறே. வண்டியக் கொளுத்தினவன் திருப்பூர்ல நிம்மதியா இருக்கான். நல்ல குடும்பம்யா!” என்றார். தங்கையா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. வெளியே வடிவேல் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார், யாரும் சொல்லாமலே.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு காகிதம் டைப் செய்து வந்தது. ஆறு மாதம் தினக்கூலி டிரைவர், பிறகு பார்க்கலாம் என்று. தங்கையா பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்து, “போடுய்யா, கொழுந்து வாடுது” என்றார். கை பேனாவோடு போய்விட்டது அம்மா. காகிதத்தில் முள் பட்டுப் புள்ளிகூட விழுந்துவிட்டது. அப்போதுதான் நிறுத்தினேன். படிச்சுட்டுப் போடறேங்க என்றேன். என் குரலா என்று எனக்கே அதிர்ச்சி.

நின்று படித்தேன். கடைசி வரி, ‘முன்னர் எனது கவனக்குறைவால் வாகனம் பழுதான காரணத்தால் நிரந்தரப் பணி கோர மாட்டேன்.’

“இந்த வரி வேண்டாங்க” என்றேன்.

“எல்லாருக்கும் ஏதாவது ஒரு வரி இருக்கும்யா. போடு” என்றார் தங்கையா.

“அது நடக்கலைங்க. நடக்காததுக்கு ஒரு தடவ போட்டுட்டேன்.”

அதிகாரி உங்கள் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். “‘மிகவும் பணிவானவர், எதிர்த்துப் பேசமாட்டார்’னு டீச்சர் எழுதியிருக்காங்களே. நீ என்னடான்னா பேசறே?”

வெளியே வடிவேல் துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது. “அவங்களுக்குத் தெரியாதுங்க” என்றேன். “நான் அவங்க முன்னாடி பேசினதில்ல.”

பிறகு அதிகாரி என் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்து வைத்தார். நானும் போட்டேன். வெளியே வந்ததும் வடிவேல் துணியை என் தோளில் போட்டுவிட்டுப் போனார். அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

எட்டு நாளாக லாரி ஓட்டுகிறேன். உங்கள் வண்டிக்கு இனி நான் வரமாட்டேன், வேறு ஆள் பாருங்கள். ஹெட் வந்து மாட்டியதும் போல்ட்டை நடுவிலிருந்து தொடங்கி வெளியே வரிசையாக இறுக்கச் சொல்லுங்கள். முந்நூறு மைல் ஓடியபின் இன்னொரு தடவை இறுக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஃபைலுக்கு ஒரு சான்றிதழ் இன்னும் வேண்டுமாம். அந்த இரண்டு பக்கம் வேண்டாம் என்கிறார் அதிகாரி. மூன்று வருடம் ஓட்டினேன், வண்டியை நன்றாக வைத்திருந்தேன் என்று நீங்கள் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய நாலு வரி போதும். எதிர்த்துப் பேசமாட்டார் என்பதை மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
வீரையா, டிரைவர்